1917 மேட்ச்: எர்னி ஷோர் போட்டது பெர்ஃபெக்ட் கேம் இல்லைங்க

பேஸ்பால் வீரர் பேப் ரூத் அம்பயரோட சண்டை போட்டு வெளியேத்தப்பட்ட மேட்ச்ல, அவருக்குப் பதிலா வந்த எர்னி ஷோர் பெர்ஃபெக்ட் கேம் (எதிரணில ஒருத்தரையும் பேஸுக்குப் போக விடாம முடிக்கிற மேட்ச்) போட்டாருன்னு நிறைய பேர் ஷேர் பண்றாங்க. சண்டை நடந்தது நெஜம், ஆனா பெர்ஃபெக்ட் கேம்ங்கிறது இப்போதைய அதிகாரப்பூர்வ கணக்குல இல்லைங்க.

1917 ஜூன் 23, பாஸ்டன் ஃபென்வே பார்க், எதிர்ல வாஷிங்டன். அப்போ ரூத் பாஸ்டனோட பிட்சர், அதாவது பந்து வீசுறவர். முதல் பேட்டர் ரே மார்கனுக்கு நாலு பந்தையும் அம்பயர் பிரிக் ஓவன்ஸ் பால்னு (சரியான எல்லைக்கு வெளிய போன பந்து) சொல்லிட்டாரு, அப்படி நாலு வந்தா பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போயிடலாம், இதுக்குப் பேரு வாக். ரூத் கத்த, அவர் வெளிய போன்னு சொல்ல, ரூத் நேரா போய் அம்பயரை அடிச்சே விட்டாரு. அப்புறம் அவசரமா வந்த ஷோர் பந்து போடும்போது மார்கன் ரெண்டாவது பேஸை திருட, அதாவது பேட்டர் அடிக்கிறதுக்குக் காத்திருக்காம ஓடிப் பிடிக்கப் போய் அவுட், அதுக்கப்புறம் வந்த 26 பேரையும் ஷோர் வரிசையா அவுட் ஆக்கினாரு, அது சாதாரண விஷயமே இல்ல, எனக்கு ரொம்பப் பிடிச்ச மேட்ச் இது. ஆனா பெர்ஃபெக்ட் கேம்னா ஒருத்தர் கூட பேஸுக்குப் போகக்கூடாது, மார்கன் போயிட்டாரே.

பழைய புக்ல பெர்ஃபெக்ட்னுதான் போட்டிருக்கும், அதனால குழப்பம் வர்றது நியாயம்தான். 1991ல மேஜர் லீக் (அமெரிக்காவோட உச்ச பேஸ்பால் லீக்) விதியை இறுக்கினப்போ இதை ரூத், ஷோர் ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட நோ-ஹிட்டர்னு (எதிரணிக்கு ஒரு ஹிட் கூட விடாத மேட்ச்) மாத்திட்டாங்க.

செக் பண்றதும் ஈஸி. மேஜர் லீக் சைட்ல பெர்ஃபெக்ட் கேம் லிஸ்டை திறந்து பாருங்க, பாஸ்டன் சார்பா 1904ல சை யங் மட்டும்தான் இருப்பாரு. அன்னைக்கு ஸ்கோர்கார்டுலயும் ரூத் பேருக்கு நேரா ஒரு வாக் இருக்கும்.