ஸ்டீராய்டுக்கே அலர்ஜியா மேடம்?

முட்டியில ஸ்டீராய்டு ஊசி போட்டு அம்மாவுக்கு அலர்ஜி வந்துச்சுன்னு நேத்து எழுதினேன். அந்தப் பதிவுக்குக் கீழ விழுந்த சிரிப்பு எமோஜியை எண்ணிட்டேன். 62. "ஸ்டீராய்டே அலர்ஜிக்குக் குடுக்கற மருந்து, அதுக்கே அலர்ஜியா?" நல்ல ஜோக்தான். அம்மாவுக்கு முகம் வீங்கினப்ப எனக்கு இது தோணாமப் போச்சு.

முட்டியில போடற ஊசியில ஸ்டீராய்டு மட்டும் இருக்கறதில்லங்க, அதோட கலக்கற துணைப் பொருளும் இருக்கும். ஸ்டீராய்டு மீதைல்பிரெட்னிசலோன் அசிடேட்டுன்னா கூடவே மேக்ரோகால் இருக்கும். ட்ரையம்சினலோன்னா பெரும்பாலும் கார்மெல்லோஸ், பாலிசார்பேட் 80. இதுல எது வேணா ஒருத்தர் உடம்புக்கு ஆகாமப் போகலாம். எப்பவாவது ஸ்டீராய்டே ஆகாது. இந்த அலர்ஜி எல்லாமே அபூர்வம்தான், ஒத்துக்கறேன். எங்க வீட்டுல நடந்துச்சே.

ஊசி போட்டுப் பத்து நிமிஷம் ஆகல, "உள்ளங்கை அரிக்குதுடி"ன்னாங்க அம்மா. "பயத்துல அப்படித்தான்மா இருக்கும், தண்ணி குடிங்க"ன்னாங்க அங்க இருந்தவங்க. அப்புறம் உதடு தடிச்சுது, குரல் கம்மிப் போச்சு. அந்தப் பக்கமா வந்த சின்ன வயசு டியூட்டி டாக்டர் பார்த்துட்டு ஓடி வந்து தொடையில அட்ரினலின் போட்டார், அலர்ஜி முத்தினா உயிரைக் காப்பாத்தற ஊசி. அவர் நல்லா இருக்கணும்.

டிஸ்சார்ஜ் சீட்டுல என்ன இருந்துச்சு தெரியுமா? "முட்டி ஊசி. மயக்கம்." அவ்வளவுதான். மருந்துப் பேரை வாங்க மூணு தடவை நடந்தேன். பேர் தெரிஞ்ச பிறகுதான் அலர்ஜி டாக்டர் தோல்ல டெஸ்ட் வெச்சு, மேக்ரோகால்தான்னு சொன்னார். முன்னாடி கொலனோஸ்கோபிக்கு, அதான் குடலைக் கேமரா விட்டுப் பார்க்கற டெஸ்டுக்கு, வயிறு சுத்தமாகக் குடிச்ச பவுடர்லயும் அதேதான். அன்னைக்கும் "உடம்பெல்லாம் நமநமங்குது"ன்னாங்க. "உனக்கு எதைக் குடுத்தாலும் ஒரு நோவு"ன்னு சொன்னது யாருன்னு நினைக்கறீங்க? நான்தான்.

"ஜனங்களைப் பயமுறுத்தாதே"ங்கறீங்க. ஊசியே போட்டுக்காதீங்கன்னு எங்கயாவது எழுதினேனா? "டாக்டர்களைத் திட்டாதே"ங்கறீங்க. காப்பாத்தினதே டாக்டர்தான். நான் கேட்கறது, போட்ட மருந்தோட பேரைச் சீட்டுல எழுதுங்க. அரை மணி நேரம் உட்கார வெச்சு அனுப்புங்க. பேரை எழுதுங்க சாமி, ஒரு வரி! "நீ கூகுள் டாக்டரா"ன்னு கேட்டவருக்குப் பதில் கிடையாது.

எங்க வீட்டுல அப்பாவுக்குத் தலைவலின்னா டிவி சத்தம்கூட வரக்கூடாது. அம்மாவுக்கு எது வந்தாலும் அது நாடகம். நேத்து நீங்க சிரிச்சதும் எனக்குப் பழகின சிரிப்புதான்.

இப்ப அம்மாவோட சுருக்குப் பையில நான் எழுதிக் குடுத்த துண்டுச் சீட்டு இருக்கு. மேக்ரோகால் அவங்க வாயில நுழையல. மருந்துக்கடையில போய், "தம்பி, எனக்கு மாக்கோலம் ஆகாதுப்பா"ன்னு நிக்கறாங்க.