திரும்ப எழுதுவதா வேண்டாமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு

ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை முடிவு வந்தாலும் சரி, லோ கொலேஜ், அதாவது சட்டக் கல்லூரி என்ட்ரன்ஸ் முடிவு வந்தாலும் சரி, அந்த வாரம் என் இன்பொக்ஸ் நிறைந்துவிடும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, அப்புத்தளை என்று எங்கிருந்து வந்தாலும், சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளின் கேள்வி ஒன்றுதான். "மிஸ், இன்னொரு தடவை எழுதிப் பார்க்கவா?" தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் பொதுவில் எழுதுகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழே திட்டலாம், ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில், எந்தப் பரீட்சையைத் திரும்ப எழுதப் போகிறீர்கள்? பாதிப் பேருக்கு இதிலேயே குழப்பம். சட்டத்துக்குப் போக நம் இலங்கையில் வழி ஒன்றல்ல. பல்கலைக்கழக அனுமதிக்கான ஏ.எல். இசட் ஸ்கோர் போதிய அளவு இருந்தால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் எல்.எல்.பி. என்கிற சட்டப் பட்டம் படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தின் தெரிவுப் பரீட்சையில் தேறினால் வேலை பார்த்துக்கொண்டே அதே பட்டத்தைப் படிக்கலாம். இரண்டும் இல்லையென்றால், கொழும்பு புதுக்கடையில் இருக்கும் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையை எழுதி நேரே உள்ளே போகலாம். எப்படிப் போனாலும் சட்டத்தரணியாக வேண்டுமானால் கடைசியில் சட்டக் கல்லூரிப் பரீட்சையில் தேற வேண்டும், ஒரு சீனியர் சட்டத்தரணியிடம் பயிற்சி எடுக்க வேண்டும், உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். 1874இல் தொடங்கிய கல்லூரி அது. பட்டம் உள்ளவரும் இல்லாதவரும் அந்தப் படியில் ஏறித்தான் ஆக வேண்டும்.

இது தெரியாமல் "கெம்பஸ் கிடைக்கவில்லை, லோயர் ஆகும் கனவு போச்சு" என்று அழுகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். கனவு எங்கும் போகவில்லை. ஒரு கதவு மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, ஏ.எல்.லுக்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை எழுதலாம் என்பது விதி. எழுதலாம் என்பதற்காக மூன்று தடவையும் எழுதத்தான் வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு. என் கருத்தைப் பச்சையாகச் சொல்கிறேன். சட்டத்துக்காக மட்டும் மூன்றாம் தடவை ஏ.எல். எழுதாதீர்கள். இரண்டாம் தடவை எழுதலாம், அதுவும் ஒரு பாடம் மட்டும் உங்களைக் கீழே இழுத்திருந்தால். இரண்டு ஏயும் ஒரு எஸ்ஸும் (சாதாரண சித்தி) என்றால் அந்த எஸ்ஸைச் சரிசெய்ய வழி இருக்கிறது. மூன்றும் சி என்றால், அதே டியூசனுக்குப் போய் அதே நோட்ஸைப் பாடமாக்கி மூன்றையும் ஏ ஆக்கிவிடுவேன் என்பது ஆசை. ஆசைக்கு ஒரு வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

இசட் ஸ்கோர் என்பது நீங்கள் எடுத்த புள்ளி அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த வருடம் அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்ற கணக்கு அது. போன வருடத்தை விடப் பத்துப் புள்ளி கூட எடுத்தும் இசட் ஸ்கோர் அசையாமல் நின்ற பிள்ளைகள் உண்டு, ஏனென்றால் மற்றவர்களும் கூட எடுத்திருந்தார்கள். மாவட்டக் கோட்டாவும் இருக்கிறது. நாடு முழுவதும் திறமை வரிசையில் 40 வீதம், மாவட்டச் சனத்தொகைப்படி 55 வீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம். நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. அதனால் கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்படாமல் உங்கள் மாவட்டத்து வெட்டுப்புள்ளியைப் பாருங்கள். அதற்கும் உங்களுக்கும் இடையில் மயிரிழை என்றால் எழுதுங்கள். மலையளவு என்றால் வேறு கதவைத் தட்டுங்கள்.

ஒரு விதிவிலக்கு. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து ஏ.எல். பரீட்சை பாதியில் நின்றது. மண்சரிவில் வீடு போய், பாடசாலையில் தங்கியிருந்த பிள்ளைகளும் நம் பக்கம் இருக்கிறார்கள். மீதித் தாள்களை அவர்களும் மற்றவர்களோடு மற்றவர்களாகத்தான் எழுதினார்கள். அவர்களுக்கு என் கணக்கு எதுவும் பொருந்தாது. யோசிக்காமல் இன்னொரு தடவை எழுதட்டும்.

இதை விடச் சிக்கலான கேள்வி ஒன்று வரும். "ஆர்ட்ஸ் கிடைத்திருக்கிறது மிஸ், அதை விட்டுவிட்டுச் சட்டத்துக்குத் திரும்ப எழுதவா?" பதிவு செய்துவிட்டால் பிறகு வேறு பல்கலைக்கழக அனுமதி கிடைக்காது, அதனால் இது சூதாட்டம் மாதிரிதான். நான் எப்போதும் கையில் கிடைத்ததை எடுக்கச் சொல்கிறவள். ஆர்ட்ஸ் பட்டம் முடித்த பிறகும் சட்டக் கல்லூரிக் கதவு திறந்தே இருக்கும். அதற்கு உங்கள் இசட் ஸ்கோர் தேவையில்லை, ஏ.எல்.லில் மூன்று பாடம் சித்தி போதும் (ஓ.எல்., அதாவது சாதாரண தரத்தில் என்ன வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்). மகாபொல உதவித்தொகை கிடைத்தால் வீட்டுக்கும் பாரம் குறையும். இதைச் சொன்னால் சில டியூசன் மாஸ்டர்மாருக்கு என் மேல் கோபம் வருகிறது. வரட்டும். "இன்னொரு தடவை எழுதினால் கட்டாயம் கிடைக்கும்" என்று சொல்கிறவர் அடுத்த வருடமும் உங்களிடம் மாதக் காசு வாங்கப் போகிறவர்தானா என்று மட்டும் பாருங்கள்.

லோ கொலேஜ் என்ட்ரன்ஸ் விசயத்தில் என் பேச்சு தலைகீழ். அதைத் திரும்ப எழுதுங்கள். தோற்றால் மறுபடியும் எழுதுங்கள். மொழித் தாள் ஒன்று, பொது அறிவும் நுண்ணறிவும் சேர்ந்த தாள் ஒன்று, அவ்வளவுதான். வேலைக்குப் போய்க்கொண்டே தயார் செய்யக்கூடிய பரீட்சை. ஆனால் அதற்காக ஒரு வருடம் வீட்டில் சும்மா இருக்காதீர்கள். பொது அறிவை நாலு மாதத்தில் ஏற்றிவிடலாம், தினமும் பத்திரிகை பார்த்தாலே பாதி வந்துவிடும். நுண்ணறிவுக் கேள்விகளுக்குப் பழைய வினாத்தாள் போதும். மொழிதான் அவசரத்துக்கு வராது.

இங்கேதான் யாரும் கேட்காத பரீட்சை ஒன்று வருகிறது. "மிஸ், என்ட்ரன்ஸ் எழுதவா?" என்று கேட்கிற பிள்ளையிடம் ஓ.எல். பெறுபேற்றை அனுப்பச் சொல்வேன். போனில் எடுத்த படம் வரும். தமிழுக்கு ஏ, சமயத்துக்கு ஏ, வரலாறு பி. ஆங்கிலத்துக்கு எஸ். சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஓ.எல்.லில் தாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் திறமைச் சித்தி, அதாவது குறைந்தது சி வேண்டும். அந்த ஒரு எஸ்ஸோடு விண்ணப்பமே போட முடியாது. இந்தப் பிள்ளை மூன்று வருடமாக ஏ.எல்.லைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்கும், ஆங்கிலத்தை மட்டும் தனியாக எடுத்துத் திரும்ப எழுதலாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாடசாலையிலும் சொல்லவில்லை, டியூசனிலும் சொல்லவில்லை. தோட்டப் பாடசாலையில் இங்கிலீஷ் டீச்சர் இல்லாமல் ஓ.எல். வரை வந்த பிள்ளைக்கு அந்த எஸ் கிடைத்ததே பெரிய விசயம் என்பது வேறு கதை. ஆனால் விண்ணப்பப் படிவத்துக்கு அந்தக் கதை தெரியாது.

ஆங்கிலத்தைப் பற்றிச் சொன்னால் உடனே "2020இல் சட்டக் கல்லூரியை ஆங்கிலத்துக்கு மாற்றியபோது நீங்கள் எதிர்த்தீர்களே" என்று ஒருவர் வருவார். எதிர்த்தேன், இன்றும் எதிர்ப்பேன். வகுப்பும் பரீட்சையும் ஆங்கிலத்தில் மட்டும் என்று வர்த்தமானியில் போட்டார்கள். 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதைத் தோற்கடித்தது. தமிழில் பரீட்சை எழுதும் உரிமை வேறு, ஆங்கிலம் தெரியாமல் தொழில் செய்வது வேறு. சட்ட அறிக்கைகளும் பழைய தீர்ப்புகளும் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. உரிமையை வைத்துக்கொண்டு மொழியையும் படியுங்கள் என்கிறேன், இதில் என்ன முரண்பாடு என்று எனக்குப் புரியவில்லை.

சிங்களம் இன்னும் முக்கியம். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றங்களில் வழக்கு சிங்களத்தில்தான் நடக்கிறது. மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது, ஆனால் அதை நம்பித் தொழில் செய்யும் சட்டத்தரணியை அது காப்பாற்றாது. மலையகத்தில் ஒரு நீதிமன்றத்தில் நான் பார்த்தது இது. நம் பிள்ளை ஒருவர், கெட்டிக்காரர், புதுக் கோட்டு. வழக்கைக் கூப்பிட்டார்கள். நீதவான் இரண்டு நிமிடம் வேகமாக ஏதோ சொன்னார். இவர் தலையை ஆட்டி "எஹெமய் ஸ்வாமீனி" (அப்படியே ஐயா) என்றார். வெளியே வந்ததும் தோட்டத்திலிருந்து வந்த பெரியவர், வேட்டியைப் பிடித்தபடி, "என்னா சேர் சொன்னாங்க, அடுத்த தவணை எப்ப?" என்று கேட்டார். நம் பிள்ளை ஒரு நொடி தயங்கிவிட்டு, கதவருகே நின்ற பொலிஸ் சார்ஜன்டிடம் போய் மெல்லக் கேட்டார். சார்ஜன்ட் தமிழில் பதில் சொன்னார். பெரியவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை. ஒரு வருடம் முழுக்க என்ட்ரன்ஸுக்காக வீட்டில் இருந்தவர் அவர். அந்த வருடத்தில் சிங்களம் படித்திருக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆகவே, திரும்ப எழுதும் வருடத்தை எப்படிக் கழிப்பது என்று கேட்டால் என் பதில் இது. சிங்களவர்கள் வேலை செய்யும் இடமாகப் பார்த்து ஒரு வேலை தேடுங்கள். நுவரெலியாவில் கடையாக இருக்கலாம், சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் கிளார்க் வேலையாக இருக்கலாம். தொழிற்சங்க அலுவலகமாக இருந்தால் இன்னும் நல்லது. தொழில் நியாய சபையில் தொழிலாளிக்காகத் தொழிற்சங்கப் பிரதிநிதியே பேசலாம் என்பதால், கோட்டுப் போடாமலே வழக்குப் பேசிப் பழகிய பழைய ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) தகராறு, சேவைக்காலப் பணம், வேலை நீக்கம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பாடப்புத்தகத்தில் வராத சட்டம் அவர்களிடம் இருக்கிறது.

ஒரு வருடம் என்பது எல்லா வீட்டிலும் ஒரே விலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021 வரை நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டுத் தெருவில் நின்ற சனம் நாம். அம்மா மலையில் கொழுந்து பறித்துக் கட்டும் டியூசன் காசுக்கும், கொழும்பில் அப்பாவின் கடையிலிருந்து வரும் டியூசன் காசுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. பையன் வீட்டில் இருந்தால் "கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் ஆள் கேட்கிறார்கள்" என்று மாமா வருவார். பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் என்ன பேச்சு வரும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே முகநூலில் "விடாமுயற்சி வெற்றி தரும்" என்று படம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். முயற்சியை விடச் சொல்லவில்லை. யாருடைய காசில், எத்தனை நாளுக்கு, பக்கத்தில் வேறு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று கேட்கச் சொல்கிறேன். "ஆசிரிய உதவியாளர் நியமனம் வந்தால் போய்ச் சேர், சட்டமெல்லாம் நமக்கெதற்கு" என்று சொல்கிற அண்ணன்மாரோடும் எனக்கு ஒத்துப்போகாது. வேலையில் சேருங்கள், அப்புறம் சனி ஞாயிறில் படியுங்கள். திறந்த பல்கலைக்கழகம் அதற்காகத்தான் இருக்கிறது, கண்டியிலேயே அதன் பிராந்திய நிலையம் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் திரும்ப எழுதத்தான் வேண்டுமா என்று எனக்கே சந்தேகம் வந்தால், ஒரு வேலை கொடுப்பேன். கோடக்கன் பிள்ளை வழக்கை வாசித்துவிட்டு வரச் சொல்வேன். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருடத் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரான நம் ஆட்களின் வாக்கைப் பறித்தபோது, ருவான்வெல்லை வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி வழக்காடியவர் அவர். முதலில் வென்றார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார், 1953இல் இலண்டனில், அன்று நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த கோமறைக் கழகத்திலும் தோற்றார். அன்று நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் செய்யக்கூடாது என்று சொல்லியும் தோற்றார்.

ஒரு பையன் இரண்டு பக்கம் வாசித்துவிட்டு "சரியான போர் மிஸ்" என்றான். நல்ல பிள்ளை, இப்போது ஹோட்டல் முகாமைத்துவம் படிக்கிறான், அவனுக்கு அதுதான் சரி. தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இரவு பதினொரு மணிக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "29 இருக்கும்போது எப்படி மிஸ் இப்படித் தீர்ப்பு சொன்னார்கள்? அந்தச் சட்டத்தில் இந்தியத் தமிழர் என்ற பெயரே இல்லை என்று சொன்னால் போதுமா?" அவள் கோபப்பட்ட இடம் சரியான இடம். என்ட்ரன்ஸில் ஒரு தடவை தவறியவள்தான். அவள் திரும்ப எழுத வேண்டும், அதில் எனக்குக் கேள்வியே இல்லை.

பழைய வினாத்தாள்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. ஹட்டன் பக்கம் இருப்பவர்கள் சனிக்கிழமை பின்னேரம் வந்து போட்டோகொப்பி எடுத்துக்கொள்ளலாம், வருமுன் மெசேஜ் போடுங்கள். ஓ.எல். பெறுபேற்றையும் கொண்டு வாருங்கள், முதலில் அதைத்தான் பார்ப்பேன்.