யாருடைய முழங்கால்?

வங்கக் கடலில் இருக்கும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நேற்று காலை ஐந்தரை மணிக்கு எங்கே இருந்தது என்று என்னைக் கேளுங்கள். 9.4 டிகிரி வடக்கு, 82.6 டிகிரி கிழக்கு. நாகப்பட்டினத்துக்குத் தென்கிழக்கே 340 கிலோமீட்டர். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் வடமேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. நடுக்கடலில் ஆள் அரவமில்லாத இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த மகராசனின் ஜாதகம் முழுவதும் என் கைப்பேசியில் இருக்கிறது. வேதாரண்யத்திலிருந்து நாகைக்குப் போகிற சாலையில் தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்பது மட்டும் ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

அக்கா மகளுக்கு நாகையில் வளைகாப்பு. கட்டுச்சோறு எங்கள் வீட்டுப் பொறுப்பு. விடியற்காலையிலேயே புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று எல்லாச் சாதமும் தயார். வாசலில் வேன் நிற்கிறது. மழை இரவெல்லாம் கொட்டிவிட்டுச் சற்றே ஓய்ந்திருக்கிறது. எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல்: போகலாம் அல்லது போகாதே.

தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடிக்கொண்டிருந்த ஓர் உதவி எண்ணை அழைத்தேன். முதலில் பதிவுசெய்யப்பட்ட பெண் குரல். தாழ்வான பகுதிகளில் வசிப்பவர்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டுமாம். அம்மா தாயே, எந்தச் சாலை வழியாகச் செல்வது என்று கேட்கத்தானே அழைத்தேன்? அந்தக் குரல் ஓயும்வரை காத்திருந்து, பிறகு ஏதோ நாதஸ்வரம் கேட்டு, அதன் பிறகு ஒரு மனிதர் கிடைத்தார்.

“சார், புயல் சின்னம் இன்னும் கரையைக் கடக்கவில்லை.”

“சரி சார். சாலை எப்படி இருக்கிறது?”

“எந்தச் சாலை?”

“கிழக்குக் கடற்கரைச் சாலை. வேதாரண்யத்திலிருந்து நாகை.”

“அது எந்த உட்கோட்டத்தில் வருகிறது சார்?”

பிறந்ததிலிருந்து அந்தச் சாலையில் போய் வருகிறேன். அது வேட்டைக்காரனிருப்பு வழியாக வரும், திருப்பூண்டி வழியாக வரும், வேளாங்கண்ணி வழியாக வரும். எந்த உட்கோட்டத்தில் வரும் என்று அது என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாது என்றேன்.

“தண்ணீர் நிற்பதாகப் புகார் பதிவு செய்கிறீர்களா சார்?”

“இல்லை. நிற்கிறதா என்று உங்களைக் கேட்கிறேன்.”

“புகார் வந்தால்தானே சார் எங்களுக்குத் தெரியும்? ஒன்று செய்யுங்கள். நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் நின்றால் ஒரு புகைப்படம் எடுத்து அனுப்புங்கள். உடனே பதிவு செய்துகொள்கிறோம்.”

படித்துப் பாருங்கள், இன்னொரு முறை. போக முடியுமா என்று கேட்பவனிடம், போய்ப் பார்த்துச் சொல் என்கிறார். நான் அனுப்பும் படத்தை வைத்துக்கொண்டு அடுத்து அழைக்கும் அப்பாவிக்குத் தகவல் சொல்வார் போலிருக்கிறது. சம்பளம் அவருக்கு, நீச்சல் எனக்கு. கடைசியில் “வேறு ஏதாவது தகவல் வேண்டுமா சார்?” என்று குழைந்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், 9.4 டிகிரி வடக்கு என்று ஆரம்பித்தார்.

அடுத்து திருப்பூண்டி மாமா. “முழங்கால் அளவுதான் மாப்பிள்ளை, தைரியமாக வா” என்றார். மாமா ஆறடி உயரம். பின்னாலிருந்து அத்தை தொலைபேசியைப் பிடுங்கி, “இடுப்பளவு நிற்கிறது, இந்தப் பக்கமே வராதே” என்றார். அத்தை மாமாவின் தோளுக்குக் கீழே. ஆக, ஒரே தண்ணீர் ஒரே வீட்டில் இரண்டு ஆழத்தில் நிற்கிறது. நீங்கள் யார் போய்ப் பார்த்தீர்கள் என்று கேட்டால், இரண்டு பேரும் வாசற்படி தாண்டவில்லை. பால்காரர் சொன்னாராம். பால்காரரின் உயரம் தெரியவில்லை.

உண்மையிலேயே கேட்கிறேன், இந்தக் கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து என்கிற அளவு முறையை ஒழிக்கவே முடியாதா? எங்கள் வேன் தம்பிதான் உருப்படியாக ஒன்று சொன்னான்: “முழங்கால் கணக்கெல்லாம் வேண்டாம் அண்ணே, சைலன்சர் கணக்கில் சொல்லச் சொல்லுங்கள்.” தண்ணீர் வழக்கமாக ஏறும் இடங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்த இடங்களில் ஒரு கம்பம் நட்டு, அரையடிக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்து டீக்கடைக்காரரின் எண்ணை எழுதிவைத்தால் போதும். செயற்கைக்கோள் வேண்டாம்.

செயற்கைக்கோள்தான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. காரைக்காலில் டாப்ளர் ரேடார் இருக்கிறது. வண்ணப் படத்தில் சிவப்பும் மஞ்சளும் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கலாம். சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்று அர்த்தம். வானத்திலிருந்து விழுவதற்குத்தான் அந்தக் கணக்கு. எங்கள் ஊர் கடைமடை. மேற்கே பெய்த மழையெல்லாம் ஆறு, வடிகால் வழியாக இறங்கிக் கடைசியில் எங்கள் தலையில்தான் வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து ஓதம் ஏறி, காற்றும் கடலைக் கரைப் பக்கம் தள்ளினால், முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. ஆகவே மழை விட்டு, வெயில் அடித்து, எச்சரிக்கை பச்சைக்கு இறங்கிய பிறகு, சாவகாசமாகச் சாலையில் தண்ணீர் ஏறும். அதற்கு என்ன வண்ணம் ஒதுக்கியிருக்கிறார்கள்?

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்ன பாடு படுத்தியது? புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், ஆகிவிட்டது என்றார்கள். 30ஆம் தேதி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறிவிட்டு, நகர மனமில்லாமல் அங்கேயே நின்று, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தனக்கே தன் மனம் புரியாத அந்தப் புயலுக்குக்கூட மணிக்கொரு அறிக்கை வந்தது. அசையாமல் ஒரே இடத்தில் கிடக்கிற சாலைக்கு ஓர் அறிக்கை கிடையாது.

கஜாவைச் சொல்லாமல் விட முடியுமா? 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. முன்கூட்டியே எச்சரித்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். விடிந்த பிறகு? தென்னையும் மின்கம்பமும் சாலை நெடுகக் குறுக்கே கிடந்தன. எது திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்பதை அரிவாளோடு போனவர்கள் திரும்பி வந்து சொன்னால்தான் உண்டு. அன்று அரிவாள், இன்று பால்காரர். வளர்ச்சி.

துறைமுகத்தில் ஏற்றுகிறார்களே எச்சரிக்கைக் கூண்டு, அதில் 11ஆம் எண் என்றால் என்ன தெரியுமா? எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். எங்கள் ஊருக்கு அதை வருடம் முழுவதும் ஏற்றி வைக்கலாம். மின்சாரம் போன கொஞ்ச நேரத்தில் கைப்பேசிக் கோபுரமும் கண்ணை மூடிவிடும். பிறகு ரேடாராவது, காற்றையும் மழையையும் காட்டும் விண்டி செயலியாவது.

கோபுரம் கண் மூடுவதற்குள் வந்து சேர்ந்துவிட்டது ஒரு காணொளி. சாலை இரண்டாக உடைந்து, ஒரு லாரி பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. “நாகை சாலை, சற்று முன், பகிரவும்.” வேன் தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். லாரிக்குப் பின்னால் இருந்த கடைப் பலகையில் மலையாளம். கேரளாவிலிருந்து வருடந்தோறும் தவறாமல் எங்கள் ஊருக்கு வந்துபோகிறது அந்த லாரி. தம்பியோ, “எந்த மொழியாக இருந்தால் என்ன அண்ணே, தண்ணீர் தண்ணீர்தானே” என்று சொல்லிவிட்டான்.

ஆகவே சுற்றுவழி. திருத்துறைப்பூண்டி போய், திருவாரூர் போய், அங்கிருந்து நாகை. அந்த வழியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, அதனால் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். திருவாரூருக்கு முன்னால் தண்ணீர். சைலன்சர் கணக்கில் சொன்னால், சைலன்சருக்கு மேல். இறங்கித் தள்ளினோம். என் மனைவி புளியோதரை அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த எண் கூண்டும் போதாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்து, வளையல் அடுக்கி, வந்தவர்கள் வெளியிலிருந்து வரவழைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தயிர்சாதம் புளித்திருந்தது. சம்பந்தி வீட்டம்மா, “நேற்றே வந்திருக்கலாமே” என்றார். ஆமாம், சோற்றையும் நேற்றே வடித்திருக்கலாம்.

திரும்பும்போது டீசல் போதாது என்று தம்பி நேராகக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே விட்டான். வேளாங்கண்ணி தாண்டினோம். ஈரம்கூட இல்லை. நடுச்சாலையில் வெள்ளாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. தண்ணீர்த் துளி பட்டாலே துள்ளி ஓடுகிற ஜாதி அது. திருப்பூண்டியில் இறங்கி மாமாவைப் பிடித்துக் கேட்டேன். “பெரிய சாலையையா கேட்டாய்? நான் எங்கள் தெருவை அல்லவா சொன்னேன்” என்றார். வேனுக்குள் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, தம்பி ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்து, எனக்கும் வந்துவிட்டது. அழ முடியவில்லை, வேறென்ன செய்வது?

இன்னொன்று. புளியோதரை கொண்டுபோன அந்தப் பெரிய எவர்சில்வர் அண்டா இன்னும் சம்பந்தி வீட்டில் இருக்கிறது. கழுவித் தருகிறோம் என்று உள்ளே எடுத்துப் போனார்கள், வரவேயில்லை. போன வருடம் நிச்சயதார்த்தத்துக்குப் போன அடுக்கும் அப்படித்தான் உள்ளே போனது. இன்று கேட்டால் அது அவர்களுடையது என்கிறார்கள். அதன் விளிம்பில் என் மாமியாரின் பெயரும் வருடமும் வெட்டியிருக்கிறது, திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.