டெர்பி பார்ட்டிக்கு ஏழேகாலுக்கு வருகிறவர்களே!

பந்தயம் மொத்தமே இரண்டு நிமிடம். அமெரிக்காவில் வருடா வருடம் நடக்கும் கென்டக்கி டெர்பி என்ற குதிரைப் பந்தயத்தில் குதிரைகள் ஓடுவது ஒன்றேகால் மைல். 1973-இல் செக்ரட்டேரியட் என்ற குதிரை அதை 1 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி முடித்தது. இன்றுவரை எந்தக் குதிரையும் அந்தச் சாதனையை உடைக்கவில்லை. மற்ற குதிரைகள் எவ்வளவு மெதுவாக ஓடினாலும், நீங்கள் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இது தெரிந்துதான் குரூப்பில் தெளிவாகப் போட்டேன்: நாலரைக்கு வாருங்கள், ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே குதிரைகளை விட்டுவிடுவார்கள்.

பாதிப் பேர் வந்தது ஏழேகாலுக்கு.

வந்ததும் என்ன கேட்டீர்கள்? "ஓ, முடிஞ்சுதா? மறுபடி போடுவாங்கல்ல?" போடுவார்கள். அடுத்த மே மாதம் முதல் சனிக்கிழமை போடுவார்கள். 1875-இலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் நடக்கிற பந்தயம் அது. இரண்டு உலகப் போர்களின்போதும் நடந்தது. 2020-இல் கொரோனாவால் செப்டம்பருக்குத் தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. பந்தயம் நடக்கிற லூயிவில் நகரத்தில் அவ்வளவையும் சமாளித்து நடத்துகிறார்கள். இருபது நிமிடக் கார் பயணத்தை உங்களால் சமாளிக்க முடியவில்லை.

நேரத்துக்கு வந்தவர்களையும் நான் சும்மா விடப்போவதில்லை.

முதலில் இந்தச் சீட்டு விவகாரம். ஆளுக்கு ஐந்து டாலர், தொப்பிக்குள் கையை விட்டு ஒரு சீட்டு, அதில் இருக்கிற குதிரை உங்களுடையது. ஜெயித்தால் மொத்தப் பணமும் உங்களுக்கு. கடைசியாக வந்தால் போட்ட ஐந்து டாலர் திரும்பக் கிடைக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் புரிகிறது. ஆனால் வளர்ந்த ஆட்களுக்கு மட்டும் அதில் ஆயிரம் திருத்தம் தேவைப்படுகிறது. "வாட்ஸ்அப்பிலேயே முந்தின வாரம் குலுக்கியிருக்கலாமே?" குலுக்கியிருக்கலாம். ஆனால் 2023-இல் எல்லோரும் பெரிதாக எதிர்பார்த்த ஃபோர்ட்டே என்ற குதிரை பந்தய நாள் காலையில்தான் விலக்கப்பட்டது. அந்த வருடம் மட்டும் ஐந்து குதிரைகள் இப்படிக் கழன்றுகொண்டன. முந்தின வாரமே குலுக்கினால், ஓடாத குதிரையின் சீட்டை வைத்துக்கொண்டு எனக்குத்தான் ஃபோன் செய்வீர்கள்.

அதிகபட்சம் இருபது குதிரைதான் ஓடும். வருவீர்களா மாட்டீர்களா என்று கேட்டால் "பார்க்கலாம்" என்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு குதிரைக்கு எத்தனை சீட்டு எழுதுவது என்று நான் எப்படிக் கணக்குப் போடுவது?

அப்புறம் "எனக்கு வேற குதிரை வேணும்" என்று சீட்டைத் திருப்பி நீட்டிய மாமா. ஏன்? "ஐம்பதுக்கு ஒண்ணாம், இதெல்லாம் ஜெயிக்குமா?" அதாவது ஒரு டாலர் கட்டி அது ஜெயித்தால் ஐம்பது டாலர் லாபம்; ஜெயிக்கும் என்று அவ்வளவு குறைவான பேர்தான் நம்புகிறார்கள். மாமா, 2022-இல் ரிச் ஸ்ட்ரைக் என்று ஒரு குதிரை. முந்தின நாள் இன்னொரு குதிரை விலகியதால்தான் அதற்குப் போட்டியில் இடமே கிடைத்தது. எண்பதுக்கு ஒன்று. கடைசி நேரத்தில் உள்ளோரமாகப் புகுந்து வந்து ஜெயித்தது. இரண்டு டாலர் கட்டியவருக்கு 163 டாலர் 60 சென்ட். இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "அது அந்த வருஷம்" என்று சொல்லிவிட்டு என் மகளின் சீட்டோடு மாற்றிக்கொண்டார். அவள் பாவம், குதிரையின் பெயர் பிடித்திருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டாள். பெயர் பிடித்துப்போய்த் தேர்வு செய்வதுதான் உலகத்திலேயே நியாயமான முறை என்பது என் கட்சி.

தொப்பி. பெரிய தொப்பி போட்டுக்கொண்டு வாருங்கள், டெர்பியின் அழகே அதுதான் என்று நான்தான் எழுதினேன். போட்டுக்கொண்டு வந்தவர் ஒரே ஒரு அண்ணி. வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு தொப்பி, அதன் மேல் ரோஜாத் தோட்டம். மனசு நிறைந்துவிட்டது. சரியாகக் குதிரைகள் கிளம்பும்போது அவர் டிவிக்கு முன்னால் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் இருந்தவர்கள் பார்த்ததெல்லாம் ரோஜாதான். கழற்றச் சொன்னால் முடி கலைந்துவிடுமாம். இருந்தாலும் அண்ணியை நான் மன்னித்துவிட்டேன், அவராவது சொன்னதைச் செய்தார். பேஸ்பால் தொப்பியில் வந்துவிட்டு "இதுவும் தொப்பிதானே" என்றவர்களை மன்னிக்கவில்லை.

டெர்பி அன்று குடிக்கிற மின்ட் ஜூலெப், அதாவது புர்பன் விஸ்கியும் புதினாவும் கலந்த பானம், பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. அதற்கு ஐஸைத் தூளாக்கிப் போட வேண்டும், போட்டவுடன் குடிக்க வேண்டும். நாலரைக்கு வருவீர்கள் என்று தூளாக்கி வைத்த ஐஸ் ஏழேகாலுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். புர்பன் வேண்டாம் என்கிற குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் புதினா, எலுமிச்சை, சோடா கலந்து தனியாக வைத்திருந்தேன். அதையும் "கொஞ்சம் தண்ணியா இருக்கே" என்று சொல்ல ஒரு ஆள்.

"புரொஜெக்டர்ல போட்டிருந்தா பெரிசா தெரிஞ்சிருக்கும்" என்று ஒருவர். மே மாதம் ஏழு மணிக்கு வெளியே வெயில் அடிக்கிறது. வெள்ளைத் துணியில் என்ன தெரியும், வெள்ளைத் துணிதான் தெரியும். நிழலில் டிவியை வைக்க மதியம் முழுக்க மேஜையை இழுத்துக்கொண்டிருந்தவனிடம் வந்து சொல்ல வேண்டிய யோசனையா அது?

இதற்கெல்லாம் மேல் ஒன்று இருக்கிறது, அதை நினைத்தால்தான் இன்னும் ரத்தம் கொதிக்கிறது. நாங்கள் பார்ப்பது ஸ்ட்ரீமிங்கில். மைதானத்தில் நடப்பது நம் திரைக்கு வர அரை நிமிடம்கூடத் தாமதமாகலாம். பந்தயமே இரண்டு நிமிடம் என்றால் அரை நிமிடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! அதனால்தான் ஃபோனை உள்ளே வையுங்கள் என்று கெஞ்சினேன். குதிரைகள் கடைசி வளைவில் திரும்புகின்றன, என் அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார், குழந்தைகள் தங்கள் குதிரையின் எண்ணைச் சொல்லிக் கத்துகிறார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், ஃபோனைப் பார்த்தபடி, ஜெயித்த குதிரையின் பெயரைச் சொல்கிறது. நிதானமாக. ஏதோ மழை வருமா என்று பார்த்துச் சொல்வது போல.

அம்மா உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஆளுக்குத்தான் சீட்டில் அந்தக் குதிரை. உடனே பணத்தைக் கேட்டார். முடிவு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படும்வரை தர மாட்டேன் என்றேன். கஞ்சன் என்று சிரித்தார்கள். 2019-இல் மேக்ஸிமம் செக்யூரிட்டி என்ற குதிரை முதலாவதாக வந்து, மற்ற குதிரைகளின் பாதையில் குறுக்கே புகுந்ததற்காக, இருபது நிமிடத்துக்கும் மேலான ஆய்வுக்குப் பிறகு முதலிடத்திலிருந்து கீழே இறக்கப்பட்டது. அறுபத்தைந்துக்கு ஒன்று என்றிருந்த கன்ட்ரி ஹவுஸ் என்ற குதிரைதான் ஜெயித்தது. பணத்தை முன்னாலேயே கொடுத்திருந்தால் யார் வீட்டுக்குப் போய்த் திரும்ப வாங்குவது? நம் ஆட்களிடமிருந்து ஐந்து டாலரைத் திரும்ப வாங்கிப் பாருங்கள், தெரியும்.

நேற்று குரூப்பில் அதே ஆள் எழுதுகிறார்: "சூப்பர் பார்ட்டி! ஜூன்ல பெல்மான்ட் ஸ்டேக்ஸுக்கும் வைக்கலாமே!" அதுவும் ஒரு குதிரைப் பந்தயம்தான். கீழே பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள், அதில் ஆறு பேர் ஏழேகாலுக்கு வந்தவர்கள். தாராளமாக வையுங்கள். உங்கள் வீட்டில். நான் பந்தயம் முடிந்து பத்து நிமிடம் கழித்து வந்து, மறுபடி போடுவார்களா என்று கேட்கிறேன்.