கம்பி பதித்துவிட்டால் தோட்டம் தயாராகிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட முள்ளெலிப் படத்துக்கு வந்த பதில்களைப் பார்த்திருப்பீர்கள். "புல் வெட்டும் ரோபோ வாங்கியாச்சு, கம்பியும் போட்டாச்சு. அது ராத்திரி ஓடினால் உங்களுக்கு என்ன?" என்று கேட்டவர் எங்கள் தெருக்காரர், பல வருடப் பழக்கம். அதுதான் உறுத்துகிறது.

திரும்பவும் சொல்கிறேன். முள்ளெலி வெளியே வருவது இரவில்தான். தோட்டத்தைத் தயார் செய்வது என்றால் ரோபோ தாண்டிப் போகாமல் தடுக்கும் எல்லைக் கம்பி பதிப்பது மட்டும் இல்லை. இருட்டில் ஓடாதபடி நேரம் வைப்பதும் அதில் சேர்த்திதான்.

நான் மெஷினுக்கு எதிரி இல்லை. ஜெர்மனியில், கொலோனில் இந்த வீட்டுக்கு வந்ததும் நானும் வாங்கினேன். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, இரண்டு நாள் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து கம்பியை முளையடித்துப் பதித்தேன். குழிகளை மண் போட்டு மட்டமாக்கினேன். ஆப்பிள் மரத்து வேரைச் சுற்றிக் கம்பியை வளைத்துவிட்டேன். பிளேடு கெடக்கூடாதென்று விழுந்த பழங்களைத் தினமும் பொறுக்கினேன். எல்லாமே மெஷினுக்காக. "பகலில் பிள்ளைகள் விளையாடுவார்கள், இரவில் ஓட்டுங்கள்" என்றார் விற்றவர். அப்படியே செய்தேன். செப்டம்பரில் ஒரு காலை, வேலியோரம், முகத்தில் வெட்டுப்பட்ட ஒரு முள்ளெலிக் குட்டி. செருப்புப் பெட்டியில் துண்டு விரித்து முள்ளெலிக் காப்பகத்துக்குக் கொண்டு ஓடினேன். பிழைக்கவில்லை. என் மகள் அப்புறம் ஒரு வாரம் தோட்டத்துப் பக்கமே வரவில்லை.

"சத்தம் கேட்டால் ஓடிவிடாதா?" ஓடாது. ஆபத்து என்றால் அது இருந்த இடத்திலேயே சுருண்டுகொள்ளும். நரியிடம் தப்ப அது போதும், பிளேடிடம் போதாது. "சென்சார் இருக்கிறதே?" டென்மார்க்கில் 18 மாடல்களைச் சோதித்து 2021இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்றுகூட முட்டுவதற்கு முன் முள்ளெலியைக் கண்டுகொள்ளவில்லை. இப்போது கேமரா வைத்தவை வருகின்றன, சரி. உங்களுடையதில் கேமரா இல்லையே! கொலோன் மாநகராட்சியே 2024இல் இரவில் ஓட்டத் தடை போட்டுவிட்டது. இது என் சொந்த ஆசை இல்லை.

"ஊரில் ஆடு வெட்டித் தின்கிறோம், இங்கே ஒரு எலிக்கு அழுகை" என்று இன்னொருவர். முதலில், அது எலியே இல்லை. வண்டும் புழுவும் தின்று உங்கள் தோட்டத்துக்கு நல்லது செய்கிற பிராணி. நான் சைவமும் இல்லை. ஆனால் ஆட்டை யாரும் பாதி வெட்டி, துடிக்க விட்டுப் போவதில்லை.

ஊரைப் பற்றிப் பேசியதால் சொல்கிறேன். நம் தென்மாவட்டங்களிலும் முள்ளெலி உண்டு. கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்து ஆச்சி என் நாக்கில் தடவியிருக்கிறாள். உயிரோடு ஒரு முள்ளெலியை நான் அங்கே பார்த்ததே இல்லை. இங்கே வந்துதான், ஒரு மே மாத இரவில், சமையலறைப் படியில் முதல்முதலாகப் பார்த்தேன். மூச்சு விடும் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. தெருக்காரரே, அன்று உங்களைத்தான் போன் போட்டுக் கூப்பிட்டேன். நீங்களும் வந்து பார்த்தீர்கள், உங்கள் பேத்தியையும் தூக்கிக்கொண்டு.

நேற்று இரவு பத்து மணிக்கும் உங்கள் தோட்டத்தில் அந்தச் சிறிய விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. தூக்கம் வரவில்லை எனக்கு.