கீலுக்கு இடமில்லாத வண்டிக்குப் பாய்மரப் படகு டிரெய்லர் என்று பெயர்

விசைப்படகு டிரெய்லரைப் பாய்மரப் படகு டிரெய்லர் என்று விளம்பரம் செய்து விற்கும் அநியாயத்தை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சென்ற சனிக்கிழமை டொராண்டோவிலிருந்து கிங்ஸ்டன் வரை 401 நெடுஞ்சாலையில் வண்டியோட்டிப் போய் நான் பார்த்தது அப்படிப்பட்ட ஒன்றைத்தான். 1976 ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் நடந்த ஊரில், பாய்மரப் படகின் அடியில் துடுப்புபோல நீண்டிருக்கும் கனமான கீல் எங்கே உட்கார வேண்டும் என்று யோசிக்காமலேயே ஒருவர் அந்த டிரெய்லருக்கு 1,800 டாலர் கேட்டார்.

என்னிடம் இருப்பது, மேலே தூக்க முடியாத நிலைக்கீல் பொருத்திய கேட்டலினா 22 என்ற பாய்மரப் படகு. நீர்மட்டத்துக்குக் கீழே மூன்றரை அடி இறங்கும் அந்தக் கீலின் மேல்தான் தரையில் படகின் முழு எடையும் நிற்க வேண்டும். பக்கவாட்டில் முட்டுக்கொடுக்கும் திண்டுகளின் வேலை படகு சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. எடையைத் திண்டுகளின் மேல் ஏற்றினால் ஃபைபர் உடல் உள்வாங்கும், மேற்பூச்சில் விரிசல் விடும். இவ்வளவையும் தொலைபேசியிலேயே விளக்கி, கீல் உட்காரப் பலகை இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் இருக்கிறது, புறப்பட்டு வாருங்கள் என்றார்.

போய்ப் பார்த்தால், கம்பளம் சுற்றிய இரண்டு மரச்சட்டங்கள் நீளவாக்கில் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, கீல் இறங்க வேண்டிய இடத்திலேயே, ஒரு குறுக்குச்சட்டம் இருந்தது. கீல் எங்கே போகும் என்று கேட்டேன். அந்தச் சட்டத்தை கிரைண்டரால் அறுத்துவிட்டால் தானாக இறங்கிவிடும் என்றார். இரண்டு பக்கச் சட்டங்களும் முறுக்கிக்கொள்ளாமல் கட்டிப் பிடித்திருப்பதே அந்தக் குறுக்குச்சட்டம்தான். அதை அறுத்தால் கீலின் கனத்தை எது தாங்கும் என்று கேட்டேன். ஒரு விசைப்படகு வருடக்கணக்கில் இதில்தான் பயணம் செய்தது என்றார். அறுக்காமல் கீலை அந்தச் சட்டத்தின் மேலேயே நிறுத்தினால் படகு அந்தரத்தில் ஏறி நிற்கும், வளைவில் திரும்பும்போது கவிழ்ந்துவிடும் என்றேன். அதற்கும் அதே விசைப்படகுதான் பதிலாக வந்தது.

சரி, தாங்குதிறன் எவ்வளவு என்று கேட்டேன். 3,500 பவுண்டு என்றார். உங்கள் படகு 2,490 பவுண்டுதானே, ஆயிரம் பவுண்டு மிச்சம் இருக்கிறதே என்று எனக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த 3,500 என்பது சக்கரங்களைத் தாங்கும் அச்சின் தாங்குதிறன். டிரெய்லரின் சொந்த எடையும் அதற்குள்தான் அடங்க வேண்டும். வெளிப்பொருத்து எஞ்சின், பேட்டரி, நங்கூரம், பாய்கள், எரிபொருள் எல்லாம் சேர்ந்தால் படகு 2,900 பவுண்டைத் தாண்டிவிடும். அதோடு டிரெய்லரின் 900 பவுண்டையும் கூட்டி, இழுக்கும் வண்டியின் கொக்கியில் விழும் பத்தில் ஒரு பங்கைக் கழித்தாலும், அச்சில் மிச்சம் என்று சொல்ல எதுவும் இல்லை. கீலுக்குத் தொட்டி அமைக்கவும், திண்டுத் தூண்களை நிறுத்தவும், இழுக்கும் வண்டியோடு இணைக்கும் முன்தண்டை நீட்டவும் நான் பற்றவைக்கப்போகும் இரும்பு இன்னும் இந்தக் கணக்கில் சேரவில்லை. உற்பத்தியாளரின் எடைத்தகடு எங்கே என்று கேட்டபோது, சட்டத்தின் மேல் பூசியிருந்த புதுக் கறுப்பு வண்ணத்தைக் காட்டினார். தகடு அதற்கடியில் இருக்கலாமாம்.

பிரேக் இல்லை. ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள டிரெய்லருக்குப் பிரேக் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். நான் ஏற்றப்போவது 1,700 கிலோவுக்கும் மேல். மெதுவாக ஓட்டினால் போதும் என்றார். நெடுஞ்சாலையில் முன்னால் போகிற வண்டி திடீரென்று நிற்கும்போது, பின்னாலிருந்து தள்ளுகிற அந்தக் கனத்தோடு எப்படி நிற்பது என்று எனக்குப் புரியவில்லை. பின்னால் வருபவர்களும் உயிருள்ள மனிதர்கள்தானே?

டயர்கள் பளபளவென்று இருந்தன. எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்று காட்டும் நான்கு இலக்கங்கள் வெளிப்பக்கம் இல்லாததால், சேற்றில் படுத்து உள்பக்கம் டார்ச் அடித்துத் தேடினேன். 1409 என்று இருந்தது. அதாவது 2009-ஆம் ஆண்டின் பதினான்காவது வாரம். அதில் தேய்மானம் இல்லையே என்று அவர் வாதாடினார். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட, நின்ற இடத்திலேயே வெயிலில் ரப்பர் செத்து வெடிப்பதுதான் அதிகம். சக்கரத்தின் மூடியைக் கழற்றச் சொன்னேன். பேரிங்கில் இருந்த கிரீஸ் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தது. தண்ணீர் உள்ளே போய்விட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. போன வருடம்தான் கிரீஸ் போட்டேன் என்றார்.

பழைய டிரெய்லர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துருவேறாத சட்டமும், இரட்டை அச்சும், நடுவில் தாழ்ந்த குறுக்குச்சட்டங்களும் இருந்தால் மற்றதையெல்லாம் நானே மாற்றிக்கொள்வேன். அச்சை முன்பின் நகர்த்தி, கொக்கியில் விழும் எடையை 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் கொண்டுவர முடியும். படகின் உடலுக்கு உள்ளே வலுவூட்டும் உட்சுவர்கள் இருக்கும் இடம் பார்த்துத் திண்டுகளை வைக்க முடியும். முன்தண்டுக்கு நீட்டிப்பும் செய்ய முடியும். செய்யாமலும் தீராது, ஏனென்றால் கீலோடு படகு மிதக்க ஐந்தடி ஆழமாவது வேண்டும், எட்டுக்கு ஒன்று என்று சரியும் படகுத்துறையில் அந்த ஆழம் கரையிலிருந்து நாற்பதடி தள்ளித்தான் கிடைக்கும், இழுக்கும் வண்டியோ தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. இதையெல்லாம் செய்ய நான் தயார். அறுத்தெறிந்த குறுக்குச்சட்டத்தையும் தொலைந்துபோன எடைத்தகட்டையும் என்னால் உண்டாக்க முடியாது.

விளம்பரம் போடுகிறவர்களைக் கேட்கிறேன்: அந்தி வெளிச்சத்தில் பாய் விரித்த படகை எத்தனையோ கோணங்களில் படமெடுக்கிறீர்களே, டிரெய்லரின் அடிப்பக்கத்தை ஒரே ஒரு படம் எடுப்பதற்கு என்ன தடை? எடைத்தகட்டை ஒரு படம், டயரின் இலக்கங்களை ஒரு படம், கீல் உட்காரும் பலகையை அளவுநாடாவோடு ஒரு படம் போடுங்கள். பலகை இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள், நாங்கள் வரமாட்டோம்.