வீணை வகுப்பு: இணையத்திலா, நேரிலா?

விஜயதசமி நெருங்கும்போதெல்லாம், பிள்ளைக்கு வீணை வகுப்பை இணையத்திலேயே தொடங்கிவிடலாமா, ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பல ஆண்டுகளாக வீணை கற்றுவருபவள் என்ற முறையில் என் கருத்தை இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன். முதல் ஓரிரு ஆண்டுகள் நேரில் கற்க வேண்டும். அடித்தளம் அமைந்த பிறகு இணையம் பெருந்துணை. இந்த வரிசை மாறினால், கையில் ஏறிவிட்ட பழக்கத்தைப் பிற்பாடு மாற்றுவது மிகவும் கடினம்.

காரணம் வீணையின் அமைப்பிலேயே இருக்கிறது. வீணையில் 24 மெட்டுகள், அதாவது ஸ்வர இடங்களைக் குறிக்கும் குறுக்குக் கம்பிகள், உள்ளன. ஒரு ஸ்தாயிக்கு (ச முதல் மேல் ச வரை) பன்னிரண்டு என்று இரண்டு ஸ்தாயிகள். மெட்டுகள் இருப்பதால் விரலை வைத்த இடத்தில் ஸ்வரம் தானாகப் பேசிவிடும் என்று தோன்றும், தொடக்கப் பாடமான சரளி வரிசை வரையில் அது ஓரளவு உண்மையும்கூட. ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் வரும்போதுதான் வீணையின் உண்மையான பாடம் தொடங்குகிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை (க) அதற்குரிய மெட்டில் அசையாமல் மீட்டினால் ஸ்வரம் வரும், தோடி வராது. கீழ் மெட்டில் விரலை ஊன்றி, தந்தியை அடுத்த ஸ்வரமான மத்தியமம் (ம) நோக்கிப் பக்கவாட்டில் இழுத்து, விட்டு, மீண்டும் இழுத்துத்தான் அந்தக் காந்தாரத்தை உண்டாக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதற்கு எந்த அடையாளமும் கிடையாது. காதுதான் அளவு. தொடக்க மாணவரின் காதுக்கு அந்த அளவு இன்னும் பிடிபட்டிருக்காது என்பதால், எதிரே அமர்ந்திருப்பவரின் காதைத்தான் அவர் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

என் ஆசிரியை பாடத்தின் நடுவே அதிகம் பேசமாட்டார். என் இழுப்பு மத்தியமத்தைத் தொடாமல் நின்றால், "இன்னும் கொஞ்சம் இழும்மா" என்பார். அப்படியும் வராவிட்டால் கையை நீட்டி, என் விரலின்மேல் தம் விரலை வைத்து, தந்தியோடு சேர்த்து இழுத்துக் காட்டுவார். எவ்வளவு பலம் வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஓர் அழுத்தத்தில் புரிந்துவிடும். வலக்கையும் அப்படித்தான். சுட்டுவிரலும் நடுவிரலும் மீட்டிக்கொண்டிருக்கும்போது, சுண்டுவிரல் பக்கத்திலுள்ள மூன்று தாளத் தந்திகளைத் தட்ட வேண்டும். காணொளி பார்த்து மட்டும் கற்றவர்களிடம் பெரும்பாலும் முதலில் விடுபடுவது அந்தச் சுண்டுவிரல்தான்.

இன்னொன்று, வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டவை. வெயிலில் மெழுகு இளகி மெட்டு சற்றே நகர்ந்துவிட்டால், அபஸ்வரம் தன் விரலிலிருந்து வருகிறதா, மெட்டிலிருந்து வருகிறதா என்று புதியவரால் கண்டறிய முடியாது. அனுபவமுள்ள ஆசிரியர் ஒருமுறை மீட்டிப் பார்த்து, மேளம் கட்ட வேண்டும், அதாவது மெட்டுகளை மீண்டும் மெழுகில் பதிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

நேரலை வகுப்பு காணொளியைவிடப் பலமடங்கு மேலானது, ஏனென்றால் மறுமுனையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனாலும் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையே ஒலி போய்த் திரும்பக் கால் நொடியை ஒட்டிய தாமதம் ஆகிவிடுவதால், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்கவே முடியாது. தாளப் பயிற்சிகளான அலங்காரங்களை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) ஆசிரியரோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான் சீரான வேகமாகிய காலப்பிரமாணம் உடலில் ஏறும் என்பதால் இந்த இழப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை. தவிர, நேரலை வகுப்புக்குப் பயன்படும் செயலிகள் பேச்சுக்காக உருவானவை; நீண்டு ஒலிக்கும் தம்பூரா நாதத்தையும் தந்தியின் நீடித்த ஒலியான கார்வையையும் இரைச்சல் என்று கருதி அழுத்திவிடுகின்றன. ஜூம் செயலியில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியை இயக்கினால் இது பெருமளவு குறையும். இணையத்தில் கற்கும் ஒவ்வொருவரும் இதை அவசியம் செய்ய வேண்டும்.

குருவே இல்லாமல் எஸ். பாலசந்தர் வீணை கற்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். கற்றார், மேதையாகவும் விளங்கினார். ஆனால் வீணையைத் தொடுவதற்கு முன்பே, சிறுவயதிலிருந்தே கஞ்சிரா, தபலா, சிதார் என்று பல வாத்தியங்களை வாசித்தவர் அவர். அவருடைய காது அதற்குள் பழுத்திருந்தது. ஏழு வயதுக் குழந்தைக்கு அவரை உதாரணம் காட்டுவது நியாயமாகாது. அதேபோல், வீணை வித்வான் காரைக்குடி சாம்பசிவ ஐயரின் வீட்டில் தங்கிக் குருகுலமாகக் கற்ற ரங்கநாயகி ராஜகோபாலனைப் போல இன்று யாரும் கற்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. வாரம் ஒரு மணி நேரம் எதிரே அமர்ந்தால்கூடப் போதும்.

இணையத்தால் கிடைத்திருக்கும் பெரிய வரம், கேட்டுக் கேட்டே பெறும் கேள்வி ஞானம். வீணை தனம்மாளின் வெள்ளிக்கிழமை மாலைக் கச்சேரியைக் கேட்க ஒரு காலத்தில் ஜார்ஜ் டவுனில் இருந்த அவர் வீட்டுக்கே போயாக வேண்டும். இன்று அவருடைய இசைத்தட்டுப் பதிவுகளை எந்த ஊரிலிருந்தும் கேட்கலாம். அடிப்படைப் பாடங்களைக் கடந்து வர்ணம் வரை கையில் ஏறிய மாணவர், புதிய கிருதிகளை இணையவழியே தாராளமாகப் பாடம் செய்துகொள்ளலாம்.

அருகில் வீணை ஆசிரியரே இல்லாத ஊர்களில் வாழ்பவர்களுக்கு நேரலை வகுப்பை விட்டால் வேறு வழியில்லை என்பதை அறிவேன். அவர்கள் குழு வகுப்பைத் தவிர்த்துத் தனி வகுப்பாகக் கேளுங்கள். கேமராவை முகத்துக்கு வைக்காமல் இரண்டு கைகளும் தெரியும்படி வையுங்கள். பாட்டு ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் குழந்தையை அவரிடமும் அனுப்புங்கள், காது அங்கே பழகும். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அதே ஆசிரியரிடம் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து நேரில் உட்காரவையுங்கள். அதற்குரிய நாள்களைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே ஆசிரியரிடம் பேசி ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.